கத்தியின் மரப்பிடி: எண்ணெய், மெழுகு, பராமரிப்பு – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கத்தி மழுங்கினால் சாணை பிடித்துக்கொள்கிறோம். பிடி கறுத்து, வெடித்து, ஆடத் தொடங்கினால் கத்தியையே ஒதுக்கிவிடுகிறோம். பழைய கத்திகளுக்கும் அரிவாள்களுக்கும் பிடி சரிசெய்து கொடுப்பதைப் பல வருடங்களாகச் செய்துவருகிறேன். என் கைக்கு வருகிறவற்றில் பெரும்பாலும் இரும்பு நன்றாகவே இருக்கும், மரம்தான் கவனிப்பு இல்லாமல் போயிருக்கும். அந்த மரத்தைக் காப்பாற்றப் பெரிய செலவோ கருவியோ தேவையில்லை. கத்தி கொண்டுவந்து தருகிறவர்கள் என்னிடம் வழக்கமாகக் கேட்பதையும் நான் சொல்லும் பதிலையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

மரப்பிடியை அப்படியே விட்டால் என்ன? எண்ணெய் எதற்கு?

மரம் வெட்டிக் காய்ந்த பிறகும் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டும் விட்டுக்கொண்டும்தான் இருக்கும். ஐப்பசி மழையில் உப்பும், சித்திரை வெயிலில் சுருங்கும். இந்த உப்பலும் சுருங்கலும் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் நடப்பதில்லை. நாரோட்டத்தின் நீளவாக்கில் மரம் அசைவதே இல்லை என்று சொல்லலாம். குறுக்குவாக்கில்தான் அசைகிறது. அதிலும் வளையங்களை ஒட்டிய திசையில் வரும் சுருக்கம், நடுத்தண்டிலிருந்து வெளிநோக்கிய திசையில் வருவதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. உள்ளே இருக்கும் இரும்புக் காம்போ ஈரத்தால் கொஞ்சமும் அசையாது. அசைகிற ஒன்றை அசையாத ஒன்றோடு ஆணியடித்து வைத்திருக்கிறோம். முதலில் மரத்துக்கும் இரும்புக்கும் நடுவே மயிரிழை அளவு இடைவெளி விழும். அதில் தண்ணீர் போய் உட்காரும். இரும்பு துருப்பிடிக்கும். துரு, தான் உருவான இரும்பைவிட அதிக இடம் எடுத்துக்கொள்ளும் என்பதால் மரத்தை உள்ளேயிருந்து நெம்பிப் பிளக்கும்.

எண்ணெயோ வார்னிஷோ இந்த அசைவை முழுதாக நிறுத்தாது. ஈரம் போய்வரும் வேகத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். ஆனால் அந்த வேகம் குறைந்தாலே பிடியின் ஆயுள் பல மடங்கு கூடிவிடும்.

இன்னொன்றை மனதில் வையுங்கள். மரம் என்பது நீளமான குழாய்களின் கட்டு. பிடியின் பக்கவாட்டில் அந்தக் குழாய்களின் சுவர் இருக்கிறது. பிடியின் பின்முனையிலும் கத்தியை ஒட்டிய முன்முனையிலும் அவற்றின் திறந்த வாய் இருக்கிறது. தண்ணீர் அதிகமாக ஏறுவது அந்த வெட்டுமுகங்கள் வழியாகத்தான். பலர் பக்கவாட்டைப் பளபளவென்று ஆக்கிவிட்டு முனைகளைத் தொடாமல் விட்டுவிடுகிறார்கள். நான் செய்வது நேர்மாறு: முதல் எண்ணெயும் கடைசி எண்ணெயும் முனைகளுக்குத்தான்.

எந்த எண்ணெய் நல்லது?

உலரும் எண்ணெய். இதற்கு விளக்கம் தேவை, ஏனென்றால் எல்லாத் தவறும் இங்கேதான் தொடங்குகிறது.

எண்ணெய் உலர்வது தண்ணீர் ஆவியாவதுபோல் அல்ல. காற்றிலுள்ள ஆக்சிஜனைப் பிடித்து, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு கெட்டியாகின்றன. சில எண்ணெய்களால்தான் இது முடியும். எது முடியும், எது முடியாது என்பதை அயோடின் எண் என்ற அளவு சொல்லும்: 100 கிராம் எண்ணெய் எத்தனை கிராம் அயோடினைப் பிடித்துக்கொள்கிறது என்பதே அது. தேங்காய் எண்ணெய்க்கு இது சுமார் 6 முதல் 11 வரை. விளக்கெண்ணெய்க்கு 80களில். நல்லெண்ணெய்க்கு 104 முதல் 120 வரை. சூரியகாந்தி எண்ணெய் 140 வரைகூடப் போகும். ஆளிவிதை எண்ணெய்க்கு 170க்கு மேல். பொதுவாக 130க்குக் கீழே இருப்பவை கெட்டியான படலமாக உலராது. நடுவில் இருப்பவை பாதி உலர்ந்து பிசுபிசுத்து நின்றுவிடும். சமையலறையில் எண்ணெய்ப் புட்டியின் வெளிப்பக்கம் தொட்டால் ஒட்டுகிறதே, அது இந்தப் பாதி உலர்ந்த நிலைதான்.

அதனால் கத்திப்பிடிக்கு என் முதல் தேர்வு ஆளிவிதை எண்ணெய். அடுத்தது டங் எண்ணெய். அக்ரூட் எண்ணெயும் உலரும், ஆனால் விலை அதிகம். கொட்டை வகை ஒவ்வாமை உள்ளவர்கள் இருக்கும் வீட்டுக்கு அதை நான் சொல்வதில்லை.

எங்கள் தாத்தா தேங்காய் எண்ணெய்தான் தடவுவார். அது தப்பா?

தப்பில்லை. அவர் அரிவாளைத் தினமும் எடுத்தார். தினமும் கையின் வியர்வையும் எண்ணெயும் மரத்தில் ஏறின. வாரம் ஒருமுறை ஒரு சொட்டு தேய்த்தார். அந்தத் தொடர்ச்சிதான் பிடியைக் காப்பாற்றியது. தேங்காய் எண்ணெய் உலராது, மரத்துக்குள் திரவமாகவே இருக்கும். கழுவக் கழுவ வெளியேறும், மறுபடி தடவ வேண்டும். அதிகமானால் வழுக்கும், தூசி பிடிக்கும். அலமாரியில் சும்மா கிடக்கும் கத்தியில் நாள்பட்டுச் சிக்கு வாடை அடிக்கும்.

இரும்பு அலகில் துரு வராமலிருக்கத் தேங்காய் எண்ணெய் அருமையானது. அங்கே தாராளமாகத் தடவுங்கள். மரத்துக்கு வேறு பாருங்கள். நல்லெண்ணெய், கடலை எண்ணெய் இரண்டும் பிடியில் வேண்டவே வேண்டாம்.

உலராத எண்ணெயில் எதுவுமே உதவாதா?

ஒன்று உண்டு: மருந்துக்கடையில் மலச்சிக்கலுக்குக் கிடைக்கும் லிக்விட் பாரஃபின். அது தாது எண்ணெய். உலராது, ஆனால் கெட்டுப்போகவும் போகாது, வாடையும் இல்லை. மற்ற மருந்து கலந்தது வேண்டாம், வெறும் பாரஃபின் மட்டும் கேட்டு வாங்குங்கள். மாதம் ஒருமுறை தடவத் தயார் என்றால் நல்ல வழிதான். தேன்மெழுகோடு சேர்த்தால் இன்னும் நல்லது. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஆளிவிதை எண்ணெயில் பச்சை, டபுள் பாயில்டு என்று இரண்டு கிடைக்கிறதே?

பச்சை எண்ணெய் செக்கிலிருந்து வந்தபடி இருப்பது. கிரிக்கெட் மட்டைக்குப் பூச விளையாட்டுச் சாமான் கடையில் விற்பது பெரும்பாலும் இதுதான். சுத்தமானது, ஆனால் பொறுமை வேண்டும். மெல்லிய பூச்சு ஒன்று உலரவே பல நாள் ஆகும். மழைக்காலத்தில் வாரக்கணக்கில் இழுக்கும்.

பெயிண்ட் கடைகளில் 'டபுள் பாயில்டு லின்சீட் ஆயில்' என்று கிடைப்பது வேகமாக உலரத் தயாரிக்கப்பட்டது. பெயரில் கொதிக்கவைத்தது என்று இருந்தாலும், வேகத்துக்கு முக்கியக் காரணம் அதில் சேர்க்கும் கோபால்ட், மாங்கனீஸ் போன்ற உலோக உப்புகள்தான். ஒன்றிரண்டு நாளில் காய்ந்துவிடும். தோட்டத்து அரிவாள், கொத்துக்கத்தி, உளிப்பிடி ஆகியவற்றுக்கு இதையே பயன்படுத்துகிறேன். சமையலறைக் கத்திக்குப் பச்சை எண்ணெய் அல்லது சுத்தமான டங் எண்ணெய்.

பச்சை எண்ணெயை வீட்டில் அடுப்பில் வைத்துக் கொதிக்கவைத்தால் பாயில்டு ஆகிவிடும் என்று நினைத்துச் செய்து பார்க்காதீர்கள். தீ விபத்துதான் மிஞ்சும்.

டங் எண்ணெய் என்றால் என்ன?

சீனாவைச் சேர்ந்த டங் மரத்தின் விதையிலிருந்து எடுப்பது. சீனாவில் மரப்படகுகளுக்கு நெடுங்காலமாகப் பூசிவந்த எண்ணெய். உலர்ந்தபின் ஆளிவிதை எண்ணெயைவிடத் தண்ணீரை நன்றாகத் தாங்கும், மஞ்சளாக மாறுவதும் குறைவு. ஒரு பூச்சுக்கும் அடுத்ததற்கும் இரண்டு மூன்று நாள் விட வேண்டும். 'டங் ஆயில் ஃபினிஷ்' என்று விற்கும் பல புட்டிகளில் இருப்பது வார்னிஷும் தின்னரும் கலந்த கலவை. சிலவற்றில் டங் எண்ணெய் பேருக்குத்தான் இருக்கும். புட்டியின் பின்பக்கம் 'நூறு சதவீதம் சுத்தமானது' என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

சாப்பாட்டில் படுமே, பரவாயில்லையா?

நன்றாக உலர்ந்த பிறகு பயமில்லை. காய்கறியில் படுவது அலகு. பிடியில் படுவது கை. என்றாலும் மேலே தொட்டால் காய்ந்ததுபோல் இருப்பதும் உள்ளே முழுதாக இறுகியிருப்பதும் வேறு வேறு. கடைசிப் பூச்சுக்குப் பிறகு ஒரு மாதம் கத்தியை ஓய்வாக வைக்க முடிந்தால் நல்லது. முடியாதவர்கள் எண்ணெய் வாடை முற்றிலும் போகும்வரையாவது காத்திருங்கள். மூக்கே நல்ல அளவுகோல்.

முந்திரிக்கொட்டை எண்ணெய் படகுக்கே பூசுகிறார்களே, கத்திக்குப் பூசலாமா?

கூடாது. முந்திரிக்கொட்டையின் தோட்டிலிருந்து வரும் அந்த எண்ணெய் பூச்சியையும் கடல்நீரையும் தடுக்கும், உண்மைதான். ஆனால் அது தோலைப் புண்ணாக்கும். முந்திரி உடைக்கிறவர்களின் விரல்கள் வெந்து கறுத்திருப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். தினமும் கையில் பிடிக்கிற பொருளில் அதற்கு இடமே இல்லை. கழிவு என்ஜின் ஆயிலுக்கும் இதே பதில்தான்.

எப்படிப் பூசுவது? படிப்படியாகச் சொல்ல முடியுமா?

முதலில் கழுவிக் காயவைப்பது. பழைய பிடியைச் சோப்புத் தண்ணீரில் பழைய பல்துலக்கியால் தேய்த்து, உடனே துடைத்து, நிழலில் காற்றாட ஒரு வாரம் விடுங்கள். வெயிலில் வைக்காதீர்கள், மேற்பரப்பு வேகமாகச் சுருங்கி வெடிப்பு விழும். ஈரம் இருக்கும் மரத்தில் எண்ணெய் இறங்காது.

அப்புறம் அலகைத் தடித்த அட்டையிலும் ஒட்டுநாடாவிலும் சுற்றிக்கட்டுங்கள். இதைத் தவிர்த்துவிட்டு ஒருவர் உள்ளங்கையைக் கிழித்துக்கொண்டதைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். தேய்க்கும்போது கவனம் முழுதும் பிடியில் இருக்கும், அலகு மறந்துபோகும்.

உப்புத்தாள் 120ஆம் எண்ணில் தொடங்கி, 180 அல்லது 220, பிறகு 320. எண் கூடக் கூடத் தாள் நைசாகும். எப்போதும் நாரோட்டத்தின் திசையிலேயே தேய்க்க வேண்டும். குறுக்கே தேய்த்த கீறல் அப்போது தெரியாது, எண்ணெய் பட்டதும் பளிச்சென்று தெரியும். ஆணித்தலைகள் இருக்கும் இடத்தில் தாளை ஒரு சிறு பலகைத் துண்டில் சுற்றிப் பிடியுங்கள். விரலால் அழுத்தினால் மரம் சீக்கிரம் தேய்ந்து, பித்தளை தேயாமல் மேடாக நிற்கும். பிறகு கையில் உறுத்தும். பித்தளைத் தூள் வெளிர்நிற மரத்தின் துளைகளில் ஏறிக் கறுப்பாக்கும், அதனால் அவ்வப்போது தட்டி உதறுங்கள். முகக்கவசம் அவசியம். உலக சுகாதார அமைப்பின் கீழ் இயங்கும் புற்றுநோய் ஆய்வு முகமை, மரத்தூளை மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. ஈட்டி மரத்தூள் சிலருக்குத் தோல் அரிப்பும் மூச்சிரைப்பும் தரும்.

320 முடிந்ததும் ஈரத்துணியால் பிடியை ஒருமுறை துடையுங்கள். படுத்துக் கிடந்த மெல்லிய நார்கள் எழுந்து நிற்கும், கை வைத்தால் சொரசொரக்கும். நன்றாகக் காய்ந்ததும் 320 தாளாலேயே மெல்லத் தேய்த்து அவற்றை எடுத்துவிடுங்கள். இந்த ஒரு வேலையைச் செய்யாமல் விட்டால், முதல்முறை கத்தியைக் கழுவும்போது அதே சொரசொரப்பு வந்து நிற்கும். பிறகு எண்ணெய் சரியில்லை என்று நினைப்போம்.

இப்போது எண்ணெய். முதல் பூச்சு தாராளமாக, வெட்டுமுகங்கள் குடிக்கும்வரை. 20 நிமிடம் விடுங்கள். எங்கெல்லாம் உறிஞ்சி மங்கியிருக்கிறதோ அங்கெல்லாம் மறுபடி தடவுங்கள். இன்னொரு 20 நிமிடம். பிறகு சுத்தமான பருத்தித் துணியால் எல்லாவற்றையும் துடைத்து எடுங்கள். மேலே ஒரு சொட்டுகூடத் தெரியக் கூடாது, உலர்ந்த மரத்தைத் துடைப்பதுபோல் துடைக்க வேண்டும். ஆரம்பத்தில் நான் இதை நம்பவில்லை. அதிகம் இருந்தால் அதிகப் பாதுகாப்பு என்று நினைத்து ஒரு மீன் கத்தியின் பிடியில் எண்ணெயைத் தடிமனாக விட்டேன். இரண்டு மாதம் கழித்தும் அது பிசினாக ஒட்டியது. கடைசியில் டர்பென்டைனில் நனைத்த துணியால் சுரண்டி எடுத்து முதலிலிருந்து தொடங்கினேன்.

அடுத்தடுத்த பூச்சுகள் மிக மெல்லியவை. விரல்நுனியில் இரண்டு சொட்டு எடுத்துச் சூடு பறக்கத் தேய்த்தால் போதும். டபுள் பாயில்டு என்றால் ஒருநாள் விட்டு ஒருநாள். பச்சை என்றால் தொட்டுப் பார்த்துக் காய்ந்த பிறகு. நான்கு முதல் ஆறு பூச்சு. மேலைநாட்டு மர வேலைக்காரர்களிடம் ஒரு கணக்கு இருக்கிறது: ஒரு வாரம் தினமும், ஒரு மாதம் வாரந்தோறும், ஒரு வருடம் மாதந்தோறும், அதன்பின் வருடத்துக்கு ஒருமுறை. சமையல் கத்திக்கு அவ்வளவு தேவையில்லை. ஆனால் கடைசிப் பகுதியை மட்டும் விடாதீர்கள்.

எண்ணெய் துடைத்த துணி தானாகத் தீப்பிடிக்கும் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. இந்தப் பக்கத்தில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

ஆளிவிதை எண்ணெய் உலரும்போது ஆக்சிஜனோடு சேருகிறது, அப்போது சூடு வெளிவருகிறது. கத்திப்பிடியில் அந்தச் சூடு காற்றில் போய்விடும். துணியைச் சுருட்டிக் குப்பைத்தொட்டியில் போட்டால் சூடு உள்ளேயே தங்கும். சூடு ஏற ஏற உலரும் வேகம் கூடும், வேகம் கூடச் சூடு இன்னும் ஏறும். சில மணி நேரத்தில் நெருப்புக்குச்சி இல்லாமலே பற்றிக்கொள்ளும். 1991 பிப்ரவரி 23 அன்று அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில் ஒன் மெரிடியன் பிளாசா என்ற 38 மாடிக் கட்டடம் எரிந்தது. 22ஆம் மாடியில் மரப்பலகைகளுக்கு மெருகேற்றிய வேலைக்காரர்கள் விட்டுப்போன ஆளிவிதை எண்ணெய்த் துணிகளில்தான் தீ தொடங்கியது. மூன்று தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள்.

வேலை முடிந்ததும் துணியைப் பிரித்து, வீட்டுக்கு வெளியே கொடிக்கயிற்றில் ஒற்றை மடிப்பாகக் காயப்போடுங்கள். விறைப்பாகக் காய்ந்தபின் குப்பையில் போடலாம். மொட்டைமாடி, கொடி என்று இடம் இல்லாதவர்கள் தண்ணீர் நிறைந்த டப்பாவில் அமுக்கி மூடி வையுங்கள். டங், அக்ரூட் எண்ணெய்த் துணிகளுக்கும் இதேதான். தாது எண்ணெய்க்கு இந்த ஆபத்து இல்லை.

வார்னிஷ் அல்லது பி.யூ. (பாலியூரிதேன்) பாலிஷ் அடித்தால் வேலை முடிந்ததே?

மேசைக்கும் கதவுக்கும் சரி. கத்திப்பிடியில் அது மேலே ஒரு கண்ணாடித் தோல் மாதிரி நிற்கும். ஆணித்தலையைச் சுற்றி, காம்பும் மரமும் சேரும் விளிம்பில், மரம் அசைய அசைய அந்தத் தோல் விரியும். விரிசல் வழியே உள்ளே போன தண்ணீர் சீக்கிரம் வெளியே வராது. தோலின் அடியில் மரம் கறுத்து அழுகும், மேலே செதில் செதிலாக உரியும். சரிசெய்ய முழுதையும் சுரண்ட வேண்டும். எண்ணெய்ப் பிடியாக இருந்தால் தேய்ந்த இடத்தில் இரண்டு சொட்டு போதும். பளபளப்பான பிடி மீன் கழுவிய கையில் வழுக்கும் என்பதும் சின்ன விஷயம் இல்லை.

தச்சர்கள் நாற்காலிக்குப் போடும் அரக்கு பாலிஷ் பார்க்க அழகு. ஆனால் அரக்கு வெந்நீருக்கும் ஸ்பிரிட்டுக்கும் சோப்பின் காரத்துக்கும் தாங்காது, வெள்ளை பூத்துவிடும். அலங்காரத்துக்கு வைக்கும் கத்திக்கு மட்டும் போடுங்கள்.

மெழுகு எப்போது, எப்படி?

மெழுகு தனியாகக் காவல் காக்காது. எண்ணெய்க்கு மேலே கடைசியாகப் போடும் மெல்லிய போர்வை அது. தேன்மெழுகு ஒரு பங்கு, லிக்விட் பாரஃபின் நான்கு பங்கு, எடைக்கணக்கில். ஒரு பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்கவைத்து, அதற்குள் இன்னொரு கிண்ணத்தை வைத்து உருக்குங்கள். நேரடித் தீயில் வேண்டாம். தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரியில் உருகும். ஆறியதும் தைலம் போன்ற பதத்தில் இருக்கும். எண்ணெய் நன்றாக உலர்ந்த பிடியில் விரலால் தேய்த்து, அரைமணி கழித்துத் துடைத்துவிடுங்கள். இன்னும் கெட்டியாக வேண்டுமென்றால் பிரேசில் நாட்டுப் பனைவகையின் இலையிலிருந்து வரும் கார்னாபா மெழுகைச் சிறிது சேர்க்கலாம். அது 80 டிகிரிக்கு மேல்தான் உருகும், நம் ஊர் வெயிலில் இளகாது. மெழுகு போட்ட பிடியில் மறுபடி எண்ணெய் இறங்காது, அதனால் எண்ணெய் வேலை முழுதும் முடிந்த பிறகே மெழுகு.

பிடி ஆடுகிறது. தண்ணீரில் ஊறப்போட்டால் இறுகிவிடும் என்கிறார்களே?

மண்வெட்டிக்கும் சுத்தியலுக்கும் ஊரில் எல்லோரும் செய்வதுதான். அன்றைக்கு இறுகும். ஆனால் உப்புகிற மரத்துக்கு இரும்பு இடம் கொடுக்காது. அதனால் மரத்தின் நார்கள் தங்களைத் தாங்களே நசுக்கிக்கொள்ளும். காய்ந்தபின் மரம் முன்பிருந்ததைவிடச் சிறுத்துவிடும். ஒவ்வொரு முறை ஊறவைக்கும்போதும் அடுத்த முறை இன்னும் அதிகமாக ஆடும்.

காம்பு உள்ளே செருகிய பிடி என்றால் பழைய கொல்லர் முறை இன்றும் சிறந்தது. பிடியைக் கழற்றி, துளையிலுள்ள துருவையும் பொடியையும் தட்டி எடுத்து, நன்றாகக் காயவையுங்கள். அரக்குப் பொடியோடு சலித்த செங்கல் பொடியைக் கலந்து துளையில் நிரப்புங்கள். அலகை ஈரத்துணியால் சுற்றி, காம்பை மட்டும் சூடாக்கி உள்ளே அழுத்துங்கள். அரக்கு உருகிப் பிடித்து, ஆறியதும் கல்லாக இறுகும். அரக்கு கொதிநீரின் சூட்டுக்கும் கீழேயே உருகிவிடும் என்பதால் காம்பைச் சிவக்கக் காய்ச்சத் தேவையில்லை. சிவந்தால் சூடு அலகுக்கு ஏறி, எஃகின் பதம் போய்விடும். இதே காரணத்தால் அரக்கு வைத்த கத்தியைக் கொதிக்கும் நீரில் போடக் கூடாது. இந்த வேலைக்குத் துணிவில்லாதவர்கள் இரண்டு குழாயில் வரும் எபாக்சி பசையைப் பயன்படுத்தலாம். பிடி முனையில் பூண் இல்லாவிட்டால் பித்தளைப் பூண் ஒன்று போட்டுவிடுங்கள், பிளவுக்கு அதுவே காவல்.

இரண்டு பக்கப் பலகையும் ஆணியும் உள்ள பிடி ஆடினால் ஆணியை மாற்ற வேண்டும். மேலே சுத்தியலால் தட்டுவது பலகையைத்தான் பிளக்கும்.

அலகை ஒட்டிய இடத்தில் மரம் கறுத்திருக்கிறது. அழுக்கா?

பெரும்பாலும் இல்லை. மரத்திலுள்ள துவர்ப்புச் சத்தும் இரும்புத் துருவும் ஈரத்தில் சேர்ந்தால் கறுப்பாகும். கடுக்காயையும் இரும்பையும் சேர்த்து மை செய்தார்களே, அதே வேதியியல். கருவேலம், புளி, தேக்கு போன்ற மரங்களில் இதைப் பார்க்கலாம். மரத்தின் வலிமைக்கு உடனே ஆபத்தில்லை. ஆனால் அந்த இடத்தில் தண்ணீர் நிற்கிறது என்பதற்கு அது சாட்சி. தேய்த்து எடுத்துவிட்டு, அலகும் மரமும் சேரும் இடுக்கில் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக இறக்கி, மேலே மெழுகால் அடையுங்கள்.

பித்தளை ஆணியில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தால் புளியால் தேய்க்கலாம். ஆனால் உடனே ஈரத்துணியால் துடைத்துக் காயவையுங்கள். புளிப்பு மரத்துக்கும் இரும்புக்கும் ஆகாது.

ஈட்டி மரப்பிடியில் எண்ணெய் உலரவே மாட்டேன் என்கிறதே?

ஈட்டி எனப்படும் தோதகத்தியிலும் அதன் இனத்து மரங்களிலும் இருக்கும் இயற்கைப் பொருள்கள் எண்ணெய் ஆக்சிஜனோடு சேர்வதையே தடுக்கும். எண்ணெய் வாங்கிய கடையைக் குறைசொல்லிப் பயனில்லை. இந்த மரத்துக்கு எண்ணெய் அதிகம் தேவையுமில்லை. 400 வரை தேய்த்து, மெழுகுக் கலவையை மட்டும் தடவி மெருகேற்றுங்கள். தேக்கிலும் இயற்கை எண்ணெய் உண்டு. பூசும் முன் தின்னரில் நனைத்த துணியால் ஒருமுறை துடைத்தால் நன்றாகப் பிடிக்கும்.

வெளிநாட்டுக் கத்திகளுக்கும் இதே முறைதானா?

ஜப்பானியச் சமையல் கத்திகளில் வெளிர்நிறமான ஹோ மரப்பிடி, முன்முனையில் எருமைக்கொம்புப் பூணோடு வரும். பூச்சில்லாமல் வெறும் மரமாகவே விற்பார்கள். ஈரக் கையில் வழுக்காது என்பது அதன் நன்மை, தேய்ந்தால் பிடியைக் கழற்றி மாற்றுவது அவர்கள் வழக்கம். மஞ்சளும் மசாலாவும் புழங்கும் நம் சமையலறையில் அது ஒரே வாரத்தில் கறைபிடிக்கும். இரண்டே மெல்லிய பூச்சு டங் எண்ணெய் போடுங்கள், அந்தப் பிடிப்பும் போகாது.

பிரான்சின் சவோய் பகுதியில் 1890 முதல் செய்யப்படும் ஓப்பினெல் மடக்குக் கத்திக்குப் பெரும்பாலும் பீச் மரப்பிடி. வெளியே வார்னிஷ் இருந்தாலும் உள்பிளவு வெறும் மரம்தான். மழைக்காலத்தில் அது உப்பி, அலகைத் திறக்கவிடாமல் கவ்விக்கொள்ளும். காற்றாடக் காயவைத்து, பிளவின் உள்ளே ஆளிவிதை எண்ணெய் விட்டு, அலகைத் திறந்தபடியே உலரவிடுங்கள்.

ரெசின் ஏற்றி அழுத்திய பக்காவுட் பிடிகளுக்கு எண்ணெய் இறங்காது. துடைத்து வைத்தாலே போதும்.

அரிவாள்மனைப் பலகைக்கு?

இதே முறைதான், இன்னும் முக்கியமும்கூட. அது தரையில் இருக்கிறது, அடிப்பக்கம் ஈரத்திலேயே கிடக்கிறது. மேற்பக்கத்துக்கு எத்தனை பூச்சோ அத்தனையும் அடிப்பக்கத்துக்கும் கொடுங்கள். ஒரு பக்கம் மட்டும் பூசினால் இரு பக்கமும் வெவ்வேறாக உப்பிப் பலகை வளையும். கழுவியபின் படுக்கவைக்காமல், அலகு சுவரைப் பார்க்கும்படி சாய்த்து வையுங்கள்.

ஆயுத பூஜையன்று சந்தனமும் குங்குமமும் வைத்த கத்தி, அரிவாள்களை மறுநாள் எடுக்கும்போது ஈரத்துணியால் துடைத்து, காயவைத்து, அன்றைக்கே எண்ணெய் தடவிவிடுங்கள். வருடத்துக்கு ஒருமுறை எண்ணெய் போட இதைவிட நினைவில் நிற்கும் நாள் இல்லை. அடைமழை தொடங்குவதற்குச் சற்று முன்னால் வருவதால் காலமும் பொருத்தமானது.

தினப்படி எப்படிக் கழுவுவது?

வெட்டி முடித்ததும் கழுவி, உடனே துணியால் துடைத்து, பிடி காற்றாட இருக்கும்படி வையுங்கள். பாத்திரத் தொட்டியில் ஊறவிடாதீர்கள். பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் மரப்பிடிக் கத்தியைப் போடவே போடாதீர்கள். வெந்நீர், காரம், சூடான காற்று மூன்றும் சேர்ந்து ஒரு வருட எண்ணெயைச் சில தடவைகளில் உருவிவிடும். பிடியில் தண்ணீர்ச் சொட்டு முத்தாக நிற்கிறதா என்று அவ்வப்போது பாருங்கள். பரவி மரம் கருமையானால் எண்ணெய் கேட்கிறது என்று அர்த்தம்.

பூஞ்சை பிடித்துவிட்டது. தூக்கிப் போடவா?

வேண்டாம். வினிகரில் நனைத்த துணியால் துடைத்து, சில நாள் நிழலில் காயவைத்து, லேசாக உப்புத்தாள் போட்டு மறுபடி எண்ணெய் பூசுங்கள். நகத்தால் அழுத்தினால் மரம் அமுங்குகிறது என்றால் மட்டும் அது அழுகிய மரம்.

எப்போது பிடியை மாற்றியே ஆக வேண்டும்?

அமுங்குகிற மரம், ஆணியிலிருந்து ஆணிக்கு ஓடும் வெடிப்பு, அரக்கு வைத்த பிறகும் ஆடும் காம்பு. இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் அந்தக் கத்தியால் வெட்டாதீர்கள், பிடி சட்டென்று விட்டுப்போனால் கை போகும். புதுப்பிடிக்குக் கருவேலம், புளி, பூவரசு எதுவானாலும், ஒரு வருடமாவது காய்ந்த வைரமரமாக இருக்கட்டும். நாரோட்டம் பிடியின் நீளத்துக்கு நேராக ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் எவ்வளவு நல்ல மரமும் ஒடியும். பழைய பிடியைக் குப்பையில் போடாமல் புதுப்பிடி செய்கிறவரிடம் சேர்த்துக் கொடுங்கள். உங்கள் அம்மாவின் கட்டைவிரல் வருடக்கணக்கில் அழுத்தித் தேய்த்த பள்ளம் எங்கே இருக்கிறது என்று அவர் அதைப் பார்த்துத்தான் செதுக்க முடியும்.